இன்சுலினைக் கண்டுபிடித்தது யார், அதை ஏன் இன்னும் ஊசியாகவே போடுகிறோம்?

தம்பி, நீங்கள் கேட்டது மூன்று கேள்வி. பள்ளிக்கூடத்தில் இன்சுலினைக் கண்டுபிடித்தவர் பான்டிங் என்று படித்தீர்கள், உங்கள் மாமாவோ அது ஒரு ருமேனியக்காரரின் கண்டுபிடிப்பு, களவாடிவிட்டார்கள் என்கிறார், எது சரி? சலரோகம் எங்கள் ஆட்களுக்கு முன்பே தெரிந்திருந்ததா? மூன்றாவதுதான் அவசரமானது: கிளினிக்கில் அம்மாவுக்கு இன்சுலின் எழுதியிருக்கிறார்கள், "அது கடைசிக் கட்டத்தில் போடுவது" என்று அவர் மாட்டேன் என்கிறார், நூறு வருசம் தாண்டியும் ஏன் இதைக் குளிசையாகக் கொடுக்க முடியவில்லை?

நான் திருகோணமலையில் மருந்தாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். வைத்தியர் இல்லை. அம்மாவுக்கு எத்தனை அலகு என்பதைக் கிளினிக்தான் சொல்ல வேண்டும். ஆனால் இந்த மருந்துப் போத்தலை முப்பது வருசத்துக்கு மேல் கையில் வைத்திருந்தவன் என்பதால் அதன் கதை கொஞ்சம் தெரியும்.

பழைய கதையை முதலில் முடித்துவிடுகிறேன். சலம் என்றால் மூத்திரம், சலரோகம் என்ற பெயரே மூத்திரத்தில் தெரியும் வருத்தம் என்றுதான் சொல்கிறது. முற்றத்தில் சலம் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் "இந்தாளுக்குச் சீனி இருக்கு" என்று எங்கள் அம்மம்மா சொல்லுவார், அவர் எந்தப் புத்தகமும் படித்தவர் இல்லை. பழைய ஆயுர்வேத நூல்களை எழுதிய சரகரும் சுசுருதரும் இதை மதுமேகம் என்றார்கள், மது என்றால் தேன். மெலிந்த இளம் ஆட்களுக்கு வருவது ஒருவிதம், உடம்பு வைத்து உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு வருவது வேறுவிதம் என்றுகூடப் பிரித்திருக்கிறார்கள், இன்று வகை 1, வகை 2 என்கிறோமே, கிட்டத்தட்ட அதே பிரிப்பு. கிரேக்கப் பக்கத்தில் கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் அரெத்தேயஸ் என்ற வைத்தியர், சதையும் கைகால்களும் உருகி மூத்திரமாகப் போகும் வருத்தம் என்று எழுதினார். அந்த ஒரு வரியில் வகை 1 பிள்ளையை நேரில் பார்த்த மாதிரி இருக்கிறது.

ஆக, தெரியுமா என்றால் தெரியும். பெயரும் தெரியும், அடையாளமும் தெரியும். தீர்க்கத் தெரியுமா என்றால் இல்லை. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று பழமொழி சொல்லி ஆவாரம்பூத் தண்ணீர் குடிப்பவர்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள், குடிக்கட்டும். ஆனால் ஆவாரை பூத்துக்கொண்டுதான் இருந்தது, சலரோகம் வந்த சின்னப் பிள்ளைகள் மாதக்கணக்கில், மிஞ்சினால் ஓரிரு வருசத்தில் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கேயும் அப்படித்தான், இலண்டனிலும் அப்படித்தான்.

இங்கிலாந்தில் தோமஸ் வில்லிஸ் 1670களில் நோயாளியின் மூத்திரத்தை நாக்கில் வைத்துப் பார்த்துத் தேன் மாதிரி இனிக்கிறது என்று எழுதினார். 1776 இல் லிவர்பூலில் மத்தியூ டொப்சன் அதை வற்றக் காய்ச்சினார், அடியில் சீனி தங்கியது. அதைவிடப் பெரிய விஷயம், இரத்தமும் இனிக்கிறது என்று அவர் கண்டது. அதுவரை சிறுநீரகத்தில் கோளாறு என்று நினைத்தவர்களுக்கு, இது உடம்பு முழுக்க இருக்கும் வருத்தம் என்று அங்கேதான் தெரியவந்தது.

வயிற்றுக்குப் பின்னால் கிடக்கும் கணையம் என்ற சுரப்பி எப்போது கதைக்குள் வந்தது? 1869 இல் பெர்லினில் பவுல் லங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மாணவர் கணையத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்து, உள்ளே தீவு தீவாகச் சில கலங்கள் தனியாக இருக்கின்றன, என்ன வேலை செய்கின்றன என்று தெரியவில்லை என்று எழுதிவைத்தார். தெரியவில்லை என்று எழுதியதே எனக்குப் பெரிய மதிப்பு. அதற்குப் பிறகு 1889 இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் மின்கோவ்ஸ்கியும் வொன் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை முழுதாக வெட்டி எடுத்தார்கள். பழக்கிய நாய், வீட்டுக்குள் அசுத்தம் பண்ணாதது, திடீரென்று தரையெல்லாம் சலம் கழிக்கத் தொடங்கியது. சோதித்தால் நிறையச் சீனி.

அன்றைக்கே பாதிப் புதிர் அவிழ்ந்துவிட்டது. கணையத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது, அது இல்லாவிட்டால் சலரோகம். அந்த ஒன்றுக்குத்தான் பின்னாளில் இன்சுலின் என்று பெயர். அப்படியானால் கணையத்தை அரைத்துச் சாறெடுத்து ஊசியில் ஏற்றினால் தீர வேண்டும் அல்லவா? எல்லாருக்கும் இதே யோசனை வந்தது. முப்பது வருசத்துக்கு மேல் பலர் முயன்றார்கள். பெர்லினில் ஜோர்ஜ் சூல்சர் 1908 வாக்கில் நோயாளிகளுக்கே ஏற்றிப் பார்த்தார், சீனி குறைந்தது, ஆனால் காய்ச்சலும் வலிப்பும் வந்தன, விட்டுவிட்டார். அந்த வலிப்பில் ஒரு பங்கு சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கியதால் வந்திருக்கலாம் என்று இன்று நினைக்கிறார்கள், அதாவது மனுசன் வெற்றியைத் தோல்வி என்று எண்ணிக் கைவிட்டாரோ என்னவோ. உங்கள் மாமா சொல்லும் ருமேனியக்காரர் நிக்கொலே பவுலெஸ்கு. புக்காரெஸ்ட்டில் நாய்களுக்குக் கணையச் சாறு ஏற்றிச் சீனியை இறக்கிக்காட்டினார், 1921 ஓகஸ்டில் கட்டுரையாகவும் வந்துவிட்டது. ரொறன்ரோக்காரர்களின் முதல் கட்டுரை 1922 பெப்ரவரியில்தான் வந்தது.

அப்படியென்றால் மாமா சொல்வது சரியா? பாதி சரி. இங்கே என்னுடைய எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன்: கணையத்தில் மருந்து இருக்கிறது என்ற யோசனைக்குச் சொந்தக்காரர் ஒருவர் இல்லை, அது ஊரறிந்த விஷயம். யாராலும் முடியாமல் இருந்தது, ஒரு பிள்ளையின் உடம்பில் நஞ்சேறாமல் நாள்தோறும் ஏற்றக்கூடிய அளவுக்கு அதைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது. வெள்ளிக்கிழமை மாடறுத்த இடத்தில் கணையம் எப்படி இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள், கொழுப்பும் சவ்வும் இரத்தமுமாக. அதற்குள்ளிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பிரிக்க வேண்டும். யோசனையில் இல்லை சிக்கல், வடிகட்டுவதில்தான்.

அதுவரை மருத்துவம் என்ன கொடுத்தது தெரியுமா? பட்டினி. அமெரிக்காவில் பிரெடெரிக் அலன் என்ற வைத்தியரின் முறை அது, ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு கலோரிதான். நாங்கள் காலையில் சாப்பிடும் இடியப்பமும் சம்பலும் சொதியும் சேர்ந்தாலே அதற்குக் கிட்ட வரும். பிள்ளை சீனியால் சாவதா, பசியால் சாவதா என்பதுதான் தெரிவு, பசியால் என்றால் கொஞ்சம் பிந்திச் சாகலாம். வைத்தியசாலையில் பிள்ளைகள் களவாகச் சாப்பிட்டுவிடக் கூடாது என்று காவல் இருந்தார்கள். அலனைக் கொடுமைக்காரர் என்று திட்டுகிறவர்கள் உண்டு, நான் திட்டமாட்டேன். அவர் தள்ளிப்போட்ட அந்த ஓரிரு வருசத்தில்தான் சில பிள்ளைகளுக்கு இன்சுலின் வந்து சேர்ந்தது.

இனி பான்டிங். கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் இலண்டன் என்றொரு ஊர் இருக்கிறது, அங்கே நோயாளிகள் வராத ஒரு கிளினிக்கை வைத்துக்கொண்டு காய்ந்துகொண்டிருந்த சத்திரசிகிச்சை வைத்தியர். 1920 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு ஒரு சஞ்சிகைக் கட்டுரையைப் படித்துவிட்டு நித்திரை வராமல் புரண்டு, விடியப்புறம் இரண்டு மணிக்கு எழும்பிக் கொப்பியில் சில வரி எழுதினார். சலரோகத்தின் ஆங்கிலப் பெயரைக்கூடப் பிழையாக எழுத்துக்கூட்டியிருந்தார். யோசனை இதுதான்: கணையம் சமிபாட்டுச் சாறும் சுரக்கிறது, அரைக்கும்போது அந்தச் சாறு மருந்தைத் தின்றுவிடுகிறது, ஆகவே நாயின் கணையக் குழாயைக் கட்டிவிட்டுச் சாறு சுரக்கும் பகுதி சுருங்கும்வரை பொறுத்திருந்து, மிஞ்சும் தீவுகளிலிருந்து எடுப்போம்.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் மக்லவுட் என்ற பேராசிரியர் அரைமனதோடு ஓர் ஆய்வுகூட அறையும் கொஞ்ச நாய்களும் கொடுத்தார். உதவிக்கு இரண்டு மாணவர்கள், யார் முதலில் போவது என்று காசு சுண்டிப் போட்டதில் சார்ல்ஸ் பெஸ்டுக்கு விழுந்தது. 1921 மே 17 ஆம் திகதி தொடங்கினார்கள். நல்ல கோடை வெக்கை, நாய்கள் செத்துக்கொண்டிருந்தன, வாங்க வேறு நாய் இல்லாமல் தெருவில் காசு கொடுத்து வாங்கினார்கள். யூலை கடைசியில் ஒரு நாய்க்குச் சீனி இறங்கியது.

வேடிக்கை என்னவென்றால், அந்த நடுச்சாம யோசனை தேவையே இல்லாதது. புதிதாக எடுத்த கணையத்தில் அந்தச் சமிபாட்டுச் சாறு இன்னும் வேலை செய்யத் தொடங்கியிராது, குளிரவைத்து அற்ககோலில் அரைத்தால் போதும். அவர்களே டிசம்பரில் இதற்கு வந்து சேர்ந்தார்கள், இறைச்சிக்கு அறுத்த மாட்டின் முழுக் கணையத்தில் எடுத்தார்கள். பிழையான யோசனை சரியான வாசலுக்குக் கொண்டுவந்து விட்டது.

1922 சனவரி 11 ஆம் திகதி ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பொடியனுக்கு முதல் ஊசி. நிறை 65 இறாத்தல், அதாவது 30 கிலோகூட இல்லை. ஏற்றியது கபில நிறத்தில் தடிப்பான ஒரு சாறு, பதினைந்து மில்லிலீற்றர், இரண்டு பக்கத்துக்கும் பிரித்து. சீனி கொஞ்சம் இறங்கியது, ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ்ப்பிடித்தது. நிறுத்திவிட்டார்கள். பள்ளிப் புத்தகங்கள் இந்த இடத்தைச் சுருக்கமாகக் கடந்து போய்விடும், ஆனால் இங்கேதான் விஷயமே இருக்கிறது. பான்டிங்கும் பெஸ்டும் செய்த சாறு தோற்றது.

கைகொடுத்தவர் ஜேம்ஸ் கொலிப் என்ற உயிர் இரசாயனக்காரர். டிசம்பரில் சேர்ந்தவர். அவர் பார்த்தது இது: அற்ககோலின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனால் வேண்டாத புரதங்கள் ஒவ்வொன்றாக அடியில் இறங்கும், மருந்து மட்டும் கரைந்தபடி நிற்கும், தொண்ணூறு வீதத்தைத் தாண்டும் இடத்தில் அதுவும் இறங்கிவிடும். அந்த இடத்தைப் பிடித்தால் மருந்து கையில். சனவரி 23 ஆம் திகதி கொலிப்பின் சாற்றை அதே பொடியனுக்குப் போட்டார்கள். 520 இல் நின்ற சீனி ஒரு நாளுக்குள் 120 க்கு வந்தது. பொடியன் எழுந்து உட்கார்ந்தான். பிறகு பதின்மூன்று வருசம் இருந்து, 1935 இல் நியுமோனியாவில் இறந்தான்.

அந்த வெற்றி நடந்த அதே கிழமைகளில் கொலிப்புக்கும் பான்டிங்குக்கும் கைகலப்பு வரை போனது, செய்முறையைச் சொல்லமாட்டேன், தனியாகப் போய்ப் பதிவு செய்துகொள்வேன் என்று கொலிப் நின்றதுதான் காரணம். அதைவிடப் பெரிய பகிடி, பெரிய அளவில் செய்யப் போனபோது கொலிப்பாலேயே மறுபடி செய்ய முடியவில்லை. சில கிழமைகளாகக் கை தவறிவிட்டது, மருந்து இல்லை, வார்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். நல்ல சமையல்காரருக்குப் பத்துப் பேருக்கு வரும் பதம் ஆயிரம் பேருக்கு வராது, அதே கதைதான். மெல்ல மெல்லத்தான் திரும்பப் பிடித்தார்கள்.

1923 இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மக்லவுட்டுக்கும். பான்டிங் கோபத்தில் தன் காசில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார், மக்லவுட் தன் பங்கில் பாதியைக் கொலிப்புக்குக் கொடுத்தார். பவுலெஸ்குவுக்கு ஒன்றும் இல்லை, போதாக்குறைக்கு ரொறன்ரோக் கட்டுரையில் அவர் சொன்னதைப் பிழையாக வேறு எழுதிவைத்தார்கள். அது அநியாயம்தான், களவு என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய சாறும் ஆட்களுக்கு நாள்தோறும் ஏற்றக்கூடிய அளவுக்குச் சுத்தமாகவில்லை. மாமாவிடம் கொலிப்பின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், பவுலெஸ்குவுக்காகச் சண்டை பிடிக்கிறவர்கள்கூட அந்தப் பெயரை மறந்துவிடுவார்கள்.

பான்டிங், பெஸ்ட், கொலிப் மூவரும் மருந்தின் உரிமத்தை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். உங்கள் அக்கா ரொறன்ரோவில்தானே, பல்கலைக்கழகத்துப் பக்கம் போனால் பார்க்கச் சொல்லுங்கள், அந்தப் பெயர்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. எலிசபெத் ஹியூஸ் என்ற பிள்ளை 1922 ஓகஸ்டில் அங்கே வந்து இறங்கியபோது பதினைந்து வயது ஆகச் சில நாள்தான் இருந்தது, நிறை இருபது கிலோ அளவில். அமெரிக்க வெளிவிவகாரச் செயலாளரின் மகள், அலனின் பட்டினியில் மூன்று வருசம் தாக்குப்பிடித்தவள். பிறகு படித்து, கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, 1981 இல் 73 வயதில்தான் இறந்தார். ஊசி போடத் தொடங்கி ஐம்பத்தொன்பது வருசம். "கடைசிக் கட்டம்" என்று அம்மா சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

அந்த நாளில் இன்சுலின் முழுக்க மாட்டிலும் பன்றியிலும் இருந்துதான் வந்தது, அரை இறாத்தல் மருந்துக்கு இரண்டு தொன் பன்றிக் கணையம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் காக்கா போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து "தம்பி, இது எதுல எடுத்தது?" என்று தணிந்த குரலில் கேட்பார். அவர் போன கையோடு விபூதி பூசிய ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்து அதே கேள்வியை அதே தணிந்த குரலில் கேட்பார். ஒருவருக்குப் பன்றி ஆகாது, மற்றவருக்கு மாடு. நான் இரண்டு பேருக்கும் லேபலைப் படித்துக் காட்டுவேன். 1978 இல் மனித இன்சுலினின் மரபணுவைப் பக்டீரியாவுக்குள் வைத்து அதைக்கொண்டே இன்சுலின் செய்வித்தார்கள், 1982 இல் விற்பனைக்கு வந்தது. எங்கள் கைக்கு அது வந்து சேர்ந்த பிறகு அந்தக் கேள்வி மெல்ல நின்றுபோனது. இன்று அம்மாவுக்குக் கிடைப்பதும் பக்டீரியாவோ மதுவமோ செய்து கொடுத்த மனித இன்சுலினாகத்தான் இருக்கும்.

கிண்ணியா என்றதும் எருமைத் தயிர் ஞாபகம் வருகிறது, அதிலும் ஒரு சேதி உண்டு. பாலில் புளிப்பு ஏறி ஒரு அளவுக்கு வந்ததும் புரதம் திரண்டுவிடும், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. 1922 கடைசியில் லில்லி என்ற அமெரிக்க மருந்துக் கம்பனியின் ஜோர்ஜ் வால்டன் இன்சுலினை மொத்தமாகச் சுத்தப்படுத்தியது இதே சூத்திரத்தால்தான், சாற்றின் புளிப்பை ஒரு குறிப்பிட்ட அளவில் நிறுத்தினால் இன்சுலின் தானாகத் திரண்டு இறங்கும். எருமைக் கணையத்திலும் இன்சுலின் எடுத்திருக்கிறார்கள். இங்கே 1942 ஏப்ரலில் யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட அதே காலத்தில், அவன் பிடித்துவைத்திருந்த ஷாங்காயில் எவா சக்ஸ்ல் என்ற யூத அகதிப் பெண்ணுக்கு இன்சுலின் கிடைக்காமல் போனது. அவரும் கணவரும் ஒரு மருத்துவப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நீரெருமைக் கணையத்தில் தாங்களே எடுத்தார்கள். முயலுக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மனிதருக்குப் போட்டார்கள். யுத்தம் முடியும்வரை அவரும் இருந்தார், அங்கிருந்த மற்றச் சலரோகக்காரர்களுக்கும் கொடுத்தார்.

சரி, ஏன் குளிசையாக இல்லை? இன்சுலின் ஒரு புரதம், 51 அமினோ அமிலங்களைக் கோத்த சின்ன மாலை. வாயால் விழுங்கினால் வயிறு அதை மீன் துண்டைச் செரிப்பதுபோலச் செரித்துவிடும், மாலை அறுந்து மணி மணியாகிவிடும். செரிமானத்தை ஏமாற்றி அனுப்பப் பலரும் பார்க்கிறார்கள், மூச்சில் இழுக்கும் தூள் இன்சுலின்கூட வந்தது, முதலில் வந்த ஒன்று விற்காமல் ஒரு வருசத்தில் நின்றும் போனது. அம்மாவின் போத்தல் பால் மாதிரிக் கலங்கியிருந்தால் பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். அது மெதுவாகக் கரைவதற்காக மீனின் விந்திலிருந்து எடுக்கும் புரோட்டமின் என்ற புரதம் சேர்த்தது, 1936 இல் டென்மார்க்கில் ஹகடோர்ன் கண்ட வழி. குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினால் போதும். தெளிந்திருக்க வேண்டிய வகை கலங்கினால் பழுது.

கடைசிக் கட்டம் என்ற பயம் எப்படி வந்தது என்றால், எங்கள் ஆட்கள் ஊசியைத் தள்ளிக்கொண்டே போய், கால் புண்ணான பிறகு, கண் மங்கிய பிறகு, சிறுநீரகம் போன பிறகுதான் சம்மதிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பது என்ன? ஊசி தொடங்கினார்கள், ஆறு மாதத்தில் ஆள் போய்விட்டார். பழி ஊசியில் விழுகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் நான்கு வருசம் "இன்னும் ஒரு மாதம் குளிசையில் பார்ப்போம்" என்று கிளினிக்கில் கெஞ்சினார், கடைசியில் இரண்டு விரல் போன பிறகு ஊசிக்கு வந்து, "இதுக்குத்தானா இவ்வளவு பயந்தேன்" என்று என்னிடமே சொன்னார்.

அம்மாவுக்கு இருப்பது வகை 2 என்று நினைக்கிறேன். அதில் கணையம் இன்சுலின் சுரக்கும், உடம்பு அதை மதிக்காது, இதை 1936 இலேயே இலண்டனில் ஹிம்ஸ்வேர்த் காட்டிவிட்டார். உடம்பு மதிக்காததால் கணையம் கூடக்கூடச் சுரந்து வருசக்கணக்கில் களைத்துப்போகும். குளிசைகளில் சில உடம்பை மதிக்கவைக்கும், சில களைத்த கணையத்தை இன்னும் விரட்டும். விரட்ட மாடு நிற்க வேண்டுமே. அது படுத்துவிட்டால் வெளியில் இருந்து கொடுக்கத்தான் வேண்டும், அம்மா கட்டுப்பாடு இல்லாமல் சாப்பிட்டதற்குத் தண்டனை இல்லை அது.

வீட்டில் ஒன்றை மட்டும் எல்லாரும் தெரிந்துவைத்திருங்கள். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடப் பிந்தினால் சீனி இறங்கும்: வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். உடனே மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்டீ கொடுங்கள், அந்த நேரத்தில் "சலரோகக்காரருக்குச் சீனியா" என்று தயங்கக் கூடாது. ஆள் நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

போத்தலை எங்கே வைப்பது என்று கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். திறக்காத போத்தல் 2 இலிருந்து 8 பாகை வரை, பிரிட்ஜின் நடுத்தட்டில். திறந்தது வழக்கமாக நான்கு வாரம், பெட்டிக்குள் இருக்கும் தாளில் சரியான கணக்கு இருக்கும். தொண்ணூறுகளில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தபோது எங்கள் வீட்டில் அம்மம்மாவின் மருந்தை ஒரு சின்ன முட்டிக்குள் வைத்து, அதை ஈரமணல் போட்ட பெரிய சட்டிக்குள் இறக்கி, மேலே நனைத்த சாக்கு போட்டு வைப்போம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நன்றாகவே குளிரும், காய்ந்த காற்று ஈரத்தை இழுக்கும்போது சூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மாரியில் காற்றே ஈரம், அப்போது அவ்வளவு எடுபடாது. இன்றும் கரண்ட் போய்க் கனநேரம் வராவிட்டால் அது உதவும்.

பிரிட்ஜில் ஐஸ் கட்டும் பெட்டிக்குள் மட்டும் வைக்க வேண்டாம். சூட்டைவிட அதுதான் இங்கே கூடுதலாக நடக்கிற பிழை, குளிர் நல்லது என்றால் கூடக் குளிர் இன்னும் நல்லது என்று நினைத்து வைத்துவிடுகிறார்கள். ஒருதரம் உறைந்த இன்சுலின் உருகின பிறகு பார்வைக்குச் சிலவேளை அப்படியேதான் இருக்கும், வேலை செய்யாது, எறிந்துவிட்டுப் புதுப் போத்தல் எடுங்கள்.